ஹோகவெய்க் – மறதிநோய் முதியோருக்கான கிராமம்

ஹோகவெய்க் என்பது நெதர்லாந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அருகிலுள்ள வேஸ்ப் என்னும் சிற்றூரில் அமைந்த முதியோர் உறைவிடம் ஆகும். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் முற்றிய நிலையில் இருப்பவர்கள் இங்கே வாழ்கின்றனர். தெரு, சதுக்கம், தோட்டம், கடை, உணவகம், அரங்கம் ஆகியவற்றோடு ஒரு சிறிய ஊரைப் போலக் கட்டப்பட்டிருப்பதால் இது 'டிமென்ஷியா கிராமம்' என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. இன்றுள்ள வளாகம் 2009ஆம் ஆண்டின் இறுதியில் முழுமை பெற்றது. விவியம் என்னும் பராமரிப்பு நிறுவனம் இதனை நடத்துகிறது. வேஸ்ப் 2022 மார்ச் முதல் ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக உள்ளது.

சட்டத்தின் பார்வையில் ஹோகவெய்க் ஒரு சாதாரணப் பராமரிப்பு இல்லமே. நெதர்லாந்தின் மற்ற இல்லங்களுக்குள்ள விதிகளும் அரசு நிதியும்தான் இதற்கும் உண்டு. ஆனால், 'இவருக்கு என்ன நோய்?' என்று கேட்பதற்கு முன் 'இவர் இதுவரை எப்படி வாழ்ந்தார்?' என்று இந்த இல்லம் கேட்கிறது. வீடுகளின் அமைப்பு, சமையல், பணியாளரின் உடை என எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

மறதிநோய் – சுருக்கமான விளக்கம்

மறதிநோய் என்பது ஒரே ஒரு நோயின் பெயர் அன்று. நினைவு, மொழி, திட்டமிடல், இடமறிதல் முதலிய மூளையின் ஆற்றல்கள் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாத நிலையை அடைவதை இச்சொல் குறிக்கிறது. இந்நிலைக்குக் காரணமான நோய்கள் பல. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். மறதிநோயாளருள் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு இதுவே காரணமாக அமைகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் ஏற்படும் பாதிப்பு அடுத்த நிலையில் உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் 5.7 கோடிப் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை.

நினைவு முழுவதும் ஒரே சீராக அழிவதில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. அல்சைமர் நோயில் முதலில் மங்குவது அண்மை நிகழ்வுகளின் நினைவு. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகும். பள்ளியில் பாடிய பாட்டு நினைவிருக்கும். காய் நறுக்குதல், துணி மடித்தல், மேசை துடைத்தல் போன்ற கைப்பழக்கங்கள் இன்னும் நீண்ட காலம் நிலைக்கும். உணர்ச்சியும் அப்படித்தான். பார்க்க வந்தவர் யார் என்பது சில நிமிடங்களில் மறந்துவிடும். ஆனால் அவர் தந்த மகிழ்ச்சியோ அவரால் உண்டான அச்சமோ அதற்குப் பிறகும் சிறிது நேரம் மனத்தில் தங்கியிருக்கும். எஞ்சியிருக்கும் இந்த ஆற்றல்களின் மேல்தான் ஹோகவெய்க்கின் முறை நிற்கிறது.

நெதர்லாந்தில் சுமார் 3 லட்சம் பேருக்கு மறதிநோய் உள்ளது. அங்கும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே வாழ்கின்றனர். மனைவியோ, கணவனோ, மக்களோ கவனித்துக்கொள்கின்றனர். இரவில் எழுந்து வெளியே போய்விடுவது, எரியும் அடுப்பை மறந்துவிடுவது, உடன் வாழ்பவரையே அடையாளம் தெரியாமல் அஞ்சுவது போன்ற நிலைகள் வந்த பின், வீட்டில் பார்த்துக்கொள்பவரின் உடல்நலமும் குன்றிவிடுகிறது. அப்போதுதான் உறைவிடத்தை நாடுகின்றனர். இரவு பகல் முழுவதும் பராமரிப்புத் தேவை என்று அரசின் மதிப்பீட்டு மையம் சான்றளித்தால் மட்டுமே இத்தகைய இல்லத்தில் இடம் கிடைக்கும். ஆகவே, ஹோகவெய்க்கில் சேர்பவர் எவரும் நோயின் தொடக்க நிலையில் இருப்பவர் அல்லர். பெரும்பாலும் தம் இறுதி நாள் வரை இங்கேயே வாழ்கின்றனர்.

பழைய இல்லம்

இதே இடத்தில் முன்பு இருந்தது 1970களில் கட்டப்பட்ட பல மாடிப் பராமரிப்பு இல்லம். அக்காலத்து மற்ற இல்லங்களைப் போலவே அதிலும் நீண்ட தாழ்வாரம், பூட்டிய வார்டு, வெள்ளைச் சீருடை, மையச் சமையலறையிலிருந்து வண்டியில் வரும் உணவு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எழுச்சி, ஒரே நேரத்தில் உறக்கம் என்றே நாட்கள் நடந்தன. நோயாளிகளுக்கு யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் அந்த அமைப்பே மருத்துவமனையின் நகல். மருத்துவமனை சில நாட்கள் தங்கிக் குணமடைந்து திரும்புவதற்கான இடம். வாழ்வின் கடைசி ஆண்டுகளைக் கழிப்பதற்காக அது வகுக்கப்பட்டதன்று.

அங்குப் பணியாற்றியவர்களுள் ஒருவர் இவோன் வான் அமெரோங்கன். தம் தந்தை திடீரென இறந்துவிட்ட செய்தியைத் தாய் தொலைபேசியில் சொன்னபோது, 'நல்லவேளை, அப்பா இப்படி ஓர் இல்லத்தில் வாழ வேண்டி வரவில்லை' என்று முதலில் தோன்றியதாக அவர் பின்னாளில் பொதுமேடையில் கூறியுள்ளார். தாம் வேலை செய்யும் இடத்தைப் பற்றித் தமக்கே அப்படித் தோன்றியது அவரைச் சிந்திக்க வைத்தது. அவரும் உடன் பணியாற்றியவர்களும், தங்களுக்கே இந்நோய் வந்தால் எங்கே, யாரோடு, எப்படி வாழ விரும்புவார்கள் என்று தமக்குள் பேசத் தொடங்கினர்.

அந்தப் பேச்சிலிருந்து எழுந்த மாற்றங்களை 1993 முதல் அந்தப் பழைய கட்டடத்திலேயே செய்து பார்த்தனர். வார்டுகளைச் சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். ஒத்த வாழ்க்கைமுறை உடையவர்களை ஒன்றாகச் சேர்த்தனர். சமையலை அந்தந்தக் குடும்பத்துக்கே கொண்டுவந்தனர். புதிய கிராமம் கட்டப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். எனவே ஹோகவெய்க்கில் முதலில் மாறியது நடைமுறை. கட்டடம் பின்னரே வந்தது. புகைப்படங்களை மட்டும் பார்ப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் டாம் கிட்வுட் என்னும் உளவியலாளர், மறதிநோயாளரை நோயின் உருவமாகப் பார்க்காமல் முழு மனிதராகப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1997இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. நோயாளியின் நிலை மோசமாவதற்கு மூளையின் சேதம் மட்டும் காரணமன்று. சுற்றியிருப்போர் அவரை அவசரப்படுத்துவதும், அவர் பேச்சைப் பொருட்படுத்தாததும், அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவதும் காரணமாகும் என்பது அவர் கருத்து.

வளாகத்தின் அமைப்பு

மொலெனார், போல், வான் டில்லன் என்னும் நெதர்லாந்துக் கட்டடக்கலைக் குழுவினர் புதிய வளாகத்தை வடிவமைத்தனர். பரப்பளவு சுமார் 1.5 ஹெக்டேர், நம் கணக்கில் நான்கு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இங்கே தனியாக மதில் எழுப்பப்படவில்லை. ஒன்றிரண்டு மாடி கொண்ட வீடுகளே வளாகத்தின் ஓரத்தில் வரிசையாக நின்று சுற்றுச்சுவரின் வேலையைச் செய்கின்றன. வீடுகளின் வாசல்கள் உட்புறமாக, தெருவையும் முற்றங்களையும் நோக்கித் திறக்கின்றன. வெளியுலகுக்கு ஒரே ஒரு வாயில் உண்டு. அங்கே எப்போதும் பணியாளர் இருப்பார்.

தெருக்கள், சதுக்கங்கள், நீரூற்று, மரங்கள், உட்காரும் பலகைகள் ஆகியவை ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு தோற்றத்தில் அமைந்துள்ளன. ஒன்றுபோல் தோன்றும் இடங்கள் மறதிநோயாளரைக் குழப்பும். பச்சை நிறப் பலகை இருக்கும் இடம், குளம் இருக்கும் இடம் என்ற அடையாளங்கள் இருந்தால் வழி கண்டுபிடிப்பது எளிது. மாடியில் வசிப்பவர் மின்தூக்கியின் அருகே வந்தாலே அது தானாகத் திறந்து கீழே கொண்டுவந்து விடும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவர் தடுமாற வேண்டியதில்லை.

வளாகத்துக்குள் பல்பொருள் அங்காடி, உணவகம், மதுவகம், முடிதிருத்தகம், அரங்கம் ஆகியவை உள்ளன. இசை, ஓவியம், சமையல், தோட்டவேலை, மிதிவண்டி எனப் பல மன்றங்களும் இயங்குகின்றன. உணவகத்துக்கும் அரங்கத்துக்கும் ஊர்மக்களும் வரலாம். ஆகவே இங்கு வசிப்போர் நோயாளிகளையும் பணியாளர்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

தொடக்கத்தில் 23 வீடுகளில் 152 பேர் வாழ்ந்தனர். பின்னர் விரிவாக்கப்பட்டு இன்று 27 வீடுகளில் சுமார் 188 பேர் வாழ்கின்றனர். ஒரு வீட்டுக்கு ஆறு அல்லது ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கையறை உண்டு. கூடமும் சமையலறையும் பொது.

வாழ்க்கைமுறைப்படி வீடுகள்

வீடுகளை நோயின் அளவைக் கொண்டு பிரிக்காமல் வாழ்க்கைமுறையைக் கொண்டு பிரித்ததே ஹோகவெய்க்கின் தனித்தன்மை. புதிய வளாகம் திறந்தபோது ஏழு வகை வீடுகள் இருந்தன.

அருகிலுள்ள கோய் என்னும் வட்டாரத்தின் செல்வக் குடும்பங்களின் பாணியில் அமைந்தது ஒன்று. அங்கே மேசை விரிப்பு, கண்ணாடிக் குவளை, பரிமாறும் முறை என எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. தச்சர், கொல்லர், விவசாயி போன்று கைத்தொழில் செய்து வாழ்ந்தவர்களுக்கானது இன்னொன்று. எளிய மரபுணவு, முன்னேரத்தில் உறக்கம், முன்னேரத்தில் எழுதல் என்று அங்கே நாள் நகரும். வீட்டு நிருவாகத்திலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்கள், நகரத்துக் கலகலப்பில் வாழ்ந்தவர்கள், கலையும் நாடகமும் விரும்பியவர்கள், கிறித்தவ வழிபாட்டை அன்றாட ஒழுங்காகக் கொண்டவர்கள் ஆகியோருக்கும் தனித்தனி வீடுகள் இருந்தன.

ஏழாவது வகை, இந்தோனேசியத் தொடர்புடையவர்களுக்கானது. இந்தோனேசியா முன்பு டச்சுக் குடியேற்ற நாடாக இருந்தது. அது விடுதலை பெற்ற பின் சுமார் 3 லட்சம் பேர் அங்கிருந்து நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களில் பலர் கலப்புக் குடும்பத்தினர். இளமையில் சோறும் மசாலாவும் உண்டு வளர்ந்தவர்கள். முதுமையில் அண்மை நினைவுகள் அழிந்து இளமை நினைவுகள் மேலெழும்போது, அவர்கள் தேடுவது அந்தச் சோற்றைத்தான். உருளைக்கிழங்கும் வேகவைத்த இறைச்சியும் முன்னால் வைத்தால் சாப்பிடாமல் இருப்பதற்குப் பிடிவாதம் காரணமன்று. அது அவர்களுக்கு அந்நிய உணவு.

சமூகம் மாறமாற இப்பிரிவுகளும் மாற்றி அமைக்கப்பட்டுள்ளன. இப்போது நான்கு வகை வீடுகள் உள்ளன. புதியவர் ஒருவர் வரும்போது அவருடைய பழக்கங்கள், மதிப்புகள், விருப்பு வெறுப்புகள் பற்றிக் குடும்பத்தாரிடம் விரிவாகக் கேட்டறிந்து, எந்த வீடு பொருந்தும் என்று முடிவு செய்கின்றனர். நினைவு குன்றிய ஒருவர் அறிமுகமற்ற அறுவரோடு வாழப் போகிறார். உண்ணும் முறை, பேசும் தொனி, கேட்கும் இசை ஆகியவை ஒத்துப்போனால் சச்சரவு குறையும் என்பதே இதன் நோக்கம்.

ஒரு நாளின் போக்கு

காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுந்தவர் எழுந்த நேரத்தில் சிற்றுண்டி உண்பார். பின்னர் பணியாளரும் வசிப்போரில் ஓரிருவரும் கூடையோடு அங்காடிக்குச் செல்வர். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரச் செலவுக்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்குள் என்ன வாங்குவது, என்ன சமைப்பது என்று அந்த வீடே முடிவு செய்யும். உணவு அந்தந்த வீட்டுச் சமையலறையிலேயே தயாராகிறது. துணி துவைப்பதும் வீட்டில்தான்.

இங்குச் சமையல் உணவுக்காக மட்டும் நடப்பதில்லை. வெங்காயம் வதங்கும் மணம் வந்தால் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்று கடிகாரம் பார்க்கத் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். உருளைக்கிழங்கு தோலுரிக்கத் தெரிந்தவர் தோலுரிப்பார். துணி மடிக்கத் தெரிந்தவர் மடிப்பார். எதுவும் செய்ய இயலாதவர் அருகில் உட்கார்ந்து பார்ப்பார். வேலை கச்சிதமாக முடிய வேண்டும் என்பதைவிட, அவர் அதில் பங்கு கொண்டார் என்பதே பெரிது.

வெளியே செல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் நடக்கலாம். மழை பெய்தாலும் நடக்கலாம். ஓயாமல் நடந்துகொண்டே இருப்பது மறதிநோயாளர் பலரிடம் காணப்படும் இயல்பு. பூட்டிய வார்டில் அது 'தொல்லை' என்று குறிக்கப்படும். நடக்கத் தெரு இருக்கும் இடத்தில் அது உடற்பயிற்சியாகிவிடுகிறது. வழி தவறியவரைக் கடைக்காரரோ, தோட்டத்தில் இருப்பவரோ கைபிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார். ஏனெனில் அவர்கள் எல்லாருமே பயிற்சி பெற்ற பணியாளர்கள் அல்லது தன்னார்வலர்கள்.

பணியாளர்கள்

செவிலியரும் பராமரிப்பாளரும் சீருடை அணிவதில்லை. சாதாரண உடையில், வீட்டு வேலைகளைச் செய்துகொண்டே கவனிப்பையும் அளிக்கின்றனர். மருத்துவர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் ஆகியோரும் வளாகத்தில் உள்ளனர். ஆயினும் அவர்கள் பின்னணியில் இருக்கின்றனர். மருந்து தருவது, புண் கட்டுவது, விழாமல் காப்பது எல்லாம் மற்ற இல்லங்களில் நடப்பது போலவே நடக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மன்றங்களை நடத்தவும் உலாவுக்கு உடன் செல்லவும் உதவுகின்றனர். அவர்கள் இல்லாமல் இந்த முறையைத் தாங்குவது கடினம்.

மறதிநோயாளர் கத்தும்போதோ தாக்கும்போதோ அவர்களை அடக்க உளநோய் மருந்துகளைக் கொடுப்பது பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இம்மருந்துகள் மறதிநோய் முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. அமைதியின்மைக்கு வலி, மலச்சிக்கல், பசி, சலிப்பு, அச்சம், சத்தம் என்று பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். மருந்துக்கு முன் அந்தக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. சூழலை மாற்றிய பின் இத்தகைய மருந்துகளின் தேவை தங்களிடம் வெகுவாகக் குறைந்தது என்று ஹோகவெய்க் நிறுவனத்தார் கூறுகின்றனர்.

செலவும் நிதியும்

வளாகத்தைக் கட்ட ஆன செலவு சுமார் 1.93 கோடி யூரோ. இதில் 1.78 கோடி யூரோ அரசு நிதி. எஞ்சிய 15 லட்சம் யூரோ நன்கொடையாகத் திரட்டப்பட்டது. தொடக்கத்தில் வாழ்ந்த 152 பேர் என்ற கணக்கில் வகுத்தால், ஓர் ஆளுக்குச் சுமார் 1,27,000 யூரோ ஆகிறது.

அன்றாடப் பராமரிப்புச் செலவை நெதர்லாந்தின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு ஏற்கிறது. அந்நாட்டில் 1968 முதலே இதற்கெனக் கட்டாயக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. 2015 முதல் புதிய சட்டத்தின்கீழ் இயங்குகிறது. வருமானம் ஈட்டும் எல்லாரும் இதற்குப் பங்கு செலுத்துகின்றனர். இல்லத்தில் சேர்பவர் தம் வருமானத்துக்கும் சொத்துக்கும் ஏற்ப ஒரு பங்கைக் கட்ட வேண்டும். ஓய்வுபெற்ற தச்சரும் செல்வந்தரும் ஒரே வளாகத்தில் வாழ முடிவது இதனால்தான். ஹோகவெய்க்குக்கு ஓர் ஆளுக்குக் கிடைக்கும் தொகை மற்ற பராமரிப்பு இல்லங்களுக்குக் கிடைப்பதே. இம்முறையைப் பின்பற்ற விரும்பும் பிற நாடுகளுக்குப் பெருந்தடையாக இருப்பது கட்டடத்தைவிட இந்தக் காப்பீடு இல்லாமையே.

வாயில் பற்றிய கேள்வி

ஹோகவெய்க்கில் வசிப்போர் வளாகத்துக்குள் விருப்பம்போல் நடமாடலாம். ஆனால் வெளி வாயிலைத் தாமாகத் தாண்டிச் செல்ல முடியாது. குடும்பத்தாரோடோ, பணியாளரோடோ செல்லலாம். அப்படியானால் இது அழகான சிறை அல்லவா என்ற கேள்வி பலமுறை எழுந்துள்ளது.

ஒரு தரப்பினர் கூறுவது: கட்டில் ஓரத் தடுப்பு, நாற்காலிப் பட்டை, பூட்டிய அறை ஆகியவற்றை நீக்கிவிட்டு, எல்லைக் கோட்டை நான்கு ஏக்கர் தள்ளி வைத்திருக்கிறார்கள், கிடைக்கும் சுதந்திரம் உண்மையானது. மறு தரப்பினர் கூறுவது: எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ஒதுக்கி வைத்தலே. மறதிநோயுடன் வாழ்ந்துகொண்டே அந்நோயாளரின் உரிமைக்காகப் பேசிவரும் ஆஸ்திரேலியாவின் கேட் ஸ்வாஃபர், ஒரே நோய் உடையவர்களை மட்டும் தனியே குடியமர்த்துவது மனித உரிமைக்கு மாறானது என்று வாதிடுகிறார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, சமூகத்துக்குள் வாழும் உரிமையை அவர்களுக்கு அளிப்பதை இத்தரப்பினர் சுட்டிக்காட்டுகின்றனர்.

நெதர்லாந்துச் சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, ஒருவர் விரும்பாத கட்டுப்பாடு எதையும் விதிக்கக் கூடாது என்பதே பொது விதி. கடுமையான தீங்கு நேரும் நிலையில், வேறு வழியே இல்லாதபோது மட்டும் விலக்கு. கதவைப் பூட்டுவதும் கட்டுப்பாடே. ஆகவே 'இந்த இல்லத்தில் கதவு பூட்டியிருக்கும்' என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரே விதி வைப்பது போதாது. இந்த மனிதருக்கு இது தேவையா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆராய்ந்து எழுதி வைக்கவும் குறித்த காலத்தில் மறுபடி ஆராயவும் வேண்டும். கதவைத் திறந்தால் ஒருவர் வழி தவறலாம், விழலாம். பூட்டினால் அவர் நடப்பதையே நிறுத்திவிடலாம். இரண்டிலும் இழப்பு உண்டு. எந்த இழப்பை ஏற்பது என்று குடும்பத்தாரும் பராமரிப்போரும் அமர்ந்து பேச வேண்டியிருக்கிறது.

இது பொய்யான ஊரா?

நோயாளிகளை ஏமாற்றி ஒரு நாடக ஊரில் வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. உண்மையில் ஏமாற்று என்று சொல்லத்தக்க முறைகள் வேறு இடங்களில் இருந்துள்ளன. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் முன் பேருந்து வராத பேருந்து நிறுத்தம் அமைக்கப்பட்டது. 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று பதறும் முதியவர் அங்கே அமர்ந்து காத்திருப்பார். சிறிது நேரத்தில் பதற்றம் தணிந்து, வந்த நோக்கத்தையே மறந்துவிடுவார். பிறகு பணியாளர் உள்ளே அழைத்து வருவார். துன்பத்தைத் தணிக்கிறது என்பதால் சிலர் இதனை ஏற்கின்றனர். பொய் பொய்தான் என்று சிலர் மறுக்கின்றனர்.

ஹோகவெய்க்கில் அங்காடியில் இருப்பவை உண்மையான பொருள்கள். வாங்கிய காயைத்தான் சமைக்கின்றனர். உணவகத்தில் ஊர்மக்களும் உண்கின்றனர். இறந்துபோன கணவனைப் பற்றி ஒருவர் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்ற சிக்கல் இங்கும் உண்டு; மறதிநோயாளர் வாழும் எல்லா வீட்டிலும் உண்டு. ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைப் புதிதாகச் சொல்லி அழவைப்பதும் சரியன்று; 'இதோ வந்துவிடுவார்' என்று சொல்வதும் சரியன்று. 'அவரை நினைக்கிறீர்களா? அவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டு, அந்த ஏக்கத்துக்குச் செவி கொடுப்பதைப் பராமரிப்புப் பயிற்சிகளில் பரிந்துரைக்கின்றனர்.

பயன் பற்றிய சான்றுகள்

ஹோகவெய்க்கால் நோய் குணமாகாது. அதன் போக்கும் நிற்காது. பராமரிப்பு இல்லங்களின் கட்டட வடிவமைப்பு அங்கு வாழும் முதியோருக்கு எந்த அளவு நன்மை தருகிறது என்பது பற்றி காக்ரேன் அமைப்பு 2022இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. இதுவரை நடந்த ஆய்வுகள் உறுதியான முடிவு சொல்லப் போதுமானவையாக இல்லை என்பதே அதன் சாரம். ஒரு வீட்டில் வடிவமைப்பு, பணியாளர் எண்ணிக்கை, சமையல், பயிற்சி எல்லாம் ஒரே நேரத்தில் மாறும்போது, நன்மைக்கு எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். ஆகவே 'கிராமம் கட்டினால் நோயாளிகள் நீண்ட நாள் வாழ்வர்' என்பது போன்ற செய்திகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

பிற நாடுகளில்

ஹோகவெய்க்கைப் பின்பற்றிப் பல நாடுகளில் இத்தகைய இல்லங்கள் எழுந்துள்ளன. கனடாவின் லாங்லி நகரில் 2019இலும், பிரான்சின் டாக்ஸ் நகரிலும் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலும் 2020இலும் திறக்கப்பட்டன. டாக்ஸில் 120 பேர் வாழ்கின்றனர். அரசு ஆதரவோடு நடக்கிறது. ஆய்வாளர்களும் அங்கே பணியாற்றுகின்றனர். ஹோபார்ட்டில் வீட்டுக்கு எட்டுப் பேராக 12 வீடுகள். லாங்லியில் உள்ளது தனியார் இல்லம். வசதி உள்ளவர்களுக்கே எட்டும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோரைக் குடும்பத்தினரே பார்த்துக்கொள்கின்றனர். கேரளத்தில் 1992இல் தொடங்கிய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் முதலிய அமைப்புகள் பகல்நேர மையங்களையும் உறைவிடங்களையும் நடத்திவருகின்றன. தேவையோடு ஒப்பிட்டால் இடங்கள் மிகக் குறைவு.

பொருந்தக்கூடிய கூறுகள்

ஊர் கட்டும் அளவுக்குப் பணம் இல்லாத இல்லங்களுக்கும், வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கும் பொருந்தும் கூறுகள் ஹோகவெய்க்கில் உள்ளன. பழைய கட்டடத்தில் 1993இல் செய்தவை பெரும்பாலும் அத்தகையவையே.

முதலாவது, வாழ்க்கைக் குறிப்பு. முதியவர் தாமே சொல்லக்கூடிய காலத்திலேயே அவருடைய பழக்கங்களை எழுதி வைப்பது நல்லது. எத்தனை மணிக்கு எழுவார், காபியா தேநீரா, தரையில் அமர்ந்து உண்பாரா மேசையிலா, எந்தப் பெயரிட்டு அழைத்தால் திரும்புவார், என்ன வேலை பார்த்தார், எந்தப் பாட்டு பிடிக்கும், எதற்கு அஞ்சுவார் ஆகியவை இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். புதிதாக வரும் பராமரிப்பாளர் ஒருவருக்கு மருத்துவக் கோப்பைவிட இந்த இரண்டு பக்கம் முதல் நாளில் அதிகம் உதவும்.

இரண்டாவது, இடத்தின் தெளிவு. கழிப்பறை எங்கே என்று படுக்கையிலிருந்தே தெரிய வேண்டும். இரவில் அங்கே சிறு விளக்கு எரிய வேண்டும். தரையின் நிறம் திடீரென மாறினால் பள்ளம் என்று அஞ்சுவார்கள்.

மூன்றாவது, வேலை. கீரை ஆய்வது, பூத் தொடுப்பது, துணி மடிப்பது என்று கை மறக்காத ஒன்றை அன்றாடம் கொடுக்கலாம். திருத்தமாகச் செய்யவில்லை என்று அவர் முன்னால் மறுபடி செய்யக் கூடாது.

நான்காவது, நடை. நாளுக்கு ஒருமுறையாவது வெளிக்காற்றும் வெயிலும் கிடைக்க வேண்டும்.

உறைவிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செல்லும் குடும்பத்தார் கட்டடத்தைப் பார்ப்பதோடு சில கேள்விகளையும் கேட்கலாம். பகலில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், இரவில் எத்தனை பேருக்கு? யாரையாவது கட்டி வைப்பது உண்டா? அமைதிப்படுத்தும் மருந்தை யார் பரிந்துரைக்கிறார், எப்போது மறுபரிசீலனை செய்கிறார்? சாப்பிட மறுத்தால் என்ன செய்வார்கள்? குடும்பத்தார் முன்னறிவிப்பின்றி வரலாமா? நோய் முற்றிப் படுக்கையில் விழுந்த பின்னும் இங்கேயே வைத்துக்கொள்வார்களா, வேறிடம் பார்க்கச் சொல்வார்களா? சேர்க்க வந்திருக்கும் முதியவரைப் பற்றி அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளையும் கவனிக்க வேண்டும். நோயின் பெயரையும் கட்டணத்தையும் தாண்டி எதுவும் கேட்காத இல்லத்தில், அவரை அவராக அறிந்து பார்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம்.